பதினெட்டு ஃபிளாப்பியில் ஒரு படம்

1990-களில் ஊட்டியிலோ குன்னூரிலோ, கணினியில் அச்சுப் பக்கம் அமைத்துத் தரும் டி.டி.பி. மையம் வைத்திருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடமாக இருந்திருக்கும். ஏ4 அளவுள்ள வண்ணப் படம் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் அகலத்தில் 2,480 புள்ளிகளும் உயரத்தில் 3,508 புள்ளிகளும் வரும். புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட் வீதம் மொத்தம் 2,60,99,520 பைட். தேயிலைத் தோட்டத்தை அட்டையில் தாங்கிய நாட்காட்டியானாலும், மலை ரயிலைக் காட்டும் சுற்றுலாக் கையேடானாலும், பிலிம் எடுப்பதற்கு அந்தப் படம் கோவைக்கோ சிவகாசிக்கோ போயாக வேண்டும். கையிலிருந்ததோ மூன்றரை அங்குல ஃபிளாப்பி. அதில் கோப்புக்கென்று கிடைக்கும் இடம் 14,57,664 பைட். வகுத்துப் பார்த்தால் 18 ஃபிளாப்பி வேண்டும். அதே படத்தை அச்சுக்கு ஏற்ற நான்கு நிறமாகச் சேமித்தால் 24 ஃபிளாப்பி.

வெட்டுவதில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. ஒரு கோப்பு என்பது பைட்டுகளின் நீண்ட வரிசை. அதை எந்த இடத்தில் வேண்டுமானாலும் நறுக்கலாம், வரிசை மாறாமல் ஒட்டினால் பழையபடி ஆகிவிடும். கடினம் முழுவதும் மறுமுனையில், எல்லாத் துண்டுகளும் பழுதில்லாமல் வந்து சேர வேண்டிய இடத்தில் இருந்தது. பர்லியார் வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி, கோவைக்குப் போய், வரிசையாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வரும்போது 11-ஆவது ஃபிளாப்பி படிக்கவில்லை என்றால் மீதி 17-ஆலும் பயன் இல்லை. அந்த ஒரு துண்டுக்காக மறுபடி மலையேறி, எழுதி எடுத்துக்கொண்டு, மறுபடி இறங்க வேண்டும். சமவெளியில் இரண்டு தெரு தள்ளி அச்சகம் வைத்திருப்பவருக்கு அரை மணி நேர எரிச்சலாக முடியும் ஒன்று, மலையில் ஒரு முழு நாளைத் தின்றுவிடும். ஆகவே, கோப்பைப் பிரிப்பதற்கென்று அந்தக் காலத்தில் எழுந்த முறைகளையும் மென்பொருள்களையும், ஒரு துண்டு கெட்டுப்போனால் அவை என்ன கதிக்கு ஆளாயின என்பதைக் கொண்டே எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் அந்த 14,57,664 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பலருடைய முதல் முயற்சி அங்கேதான் தடுக்கியது. மூன்றரை அங்குல உயர்செறிவு ஃபிளாப்பிக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. பக்கத்துக்கு 80 வட்டத் தடங்கள், தடத்துக்குச் செக்டர் எனப்படும் 18 கூறுகள், செக்டருக்கு 512 பைட்டுகள். பெருக்கினால் 14,74,560 பைட் வரும். இது 1,440 கிலோபைட்; அட்டைப்பெட்டியில் 1.44 மெகாபைட் என்று அச்சிட்டார்கள். உண்மையில் அந்த 1.44 என்பது ஒரு கலப்பட அலகு. கிலோபைட்டுக்கு 1,024-ஐயும், மெகாபைட்டுக்கு 1,000-ஐயும் கொண்டு பெருக்கி வந்த எண் அது. அதோடு முடியவில்லை. மொத்தம் உள்ள 2,880 செக்டர்களில் முதலாவது செக்டர் தொடக்க விவரத்துக்குப் போய்விடும்; எந்தக் கோப்பு எந்தச் செக்டரில் இருக்கிறது என்று காட்டும் அட்டவணை ஒன்பது செக்டர்களை எடுக்கும், பாதுகாப்புக்காக அதற்கு ஒரு நகல் வேறு உண்டு என்பதால் 18; கோப்புப் பெயர்ப் பட்டியலுக்கு 14. ஆக 33 செக்டர்கள் கழிந்து 2,847 மிஞ்சும். 1,440 கிலோபைட் கொள்ளும் என்று நம்பி அதே அளவில் துண்டு போட்டவருக்கு, ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு ஃபிளாப்பியிலும் கடைசி நொடியில் இடமில்லை என்று நின்றுபோகும்.

இதற்கு முந்தைய ஐந்தேகால் அங்குல வட்டுகளில் 360 கிலோபைட்டும், பிறகு 1.2 மெகாபைட்டும் கொண்டன. 1987-இல் ஐ.பி.எம். தனது பி.எஸ்./2 வரிசைக் கணினிகளில் 1.44 மெகாபைட் வட்டைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு அந்த அளவு ஏறக்குறைய அப்படியே நின்றுவிட்டது. ஹார்ட் டிஸ்க் சில பத்து மெகாபைட்டிலிருந்து பல ஆயிரம் மெகாபைட்டுக்கு வளர்ந்த காலம் முழுவதும் ஃபிளாப்பி வளரவில்லை. கோப்பைப் பிரிக்கும் கலை ஏன் இவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இன்னொரு நுணுக்கம் உண்டு. புது ஃபிளாப்பியிலும்கூட ஃபார்மட் செய்யும்போது சில செக்டர்கள் கெட்டவை எனத் தெரியவந்தால், அவை அட்டவணையில் குறிக்கப்பட்டு ஒதுக்கப்படும். அப்போது அந்த வட்டின் கொள்ளளவு மற்றவற்றைவிடக் குறைந்துவிடும். எல்லாத் துண்டுகளும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் செய்யும் நிரல் இத்தகைய வட்டை ஏற்காது. கோப்பைச் சுருக்கிப் பிரிக்கும் ஏஆர்ஜே போன்ற நிரல்கள், வட்டில் எவ்வளவு இடம் மீதமிருக்கிறது என்று பார்த்து அதற்கேற்பத் துண்டின் நீளத்தை அமைத்துக்கொண்டன. சிறிய ஏற்பாடுதான், ஆனால் பெட்டியில் கிடைத்த பழைய ஃபிளாப்பிகளையெல்லாம் பொறுக்கிப் போட்டு வேலையை முடிக்க வேண்டியவருக்கு அது பெரிய உதவி.

இனி அந்த 18-க்கு வருவோம். ஒரு ஃபிளாப்பி போய்ச் சேருமிடத்தில் படிக்காமல் போக நூற்றில் இரண்டு வாய்ப்பு இருப்பதாகப் பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். தனி ஃபிளாப்பி என்றால் அது பொருட்படுத்தக்கூடிய ஆபத்தே இல்லை. ஆனால் 18-ம் ஒருசேரப் படிக்க வேண்டும் என்றால் 0.98-ஐ 18 முறை பெருக்க வேண்டும். விடை ஏறக்குறைய 0.695. அதாவது பத்துப் பயணங்களில் மூன்று வீணாகும். துண்டுகளின் எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொரு துண்டும் முன்பிருந்த அதே தரத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் மொத்தத்தின் நம்பகம் சரிந்துகொண்டே போகிறது. 24 ஃபிளாப்பிக்கு இதே கணக்கைப் போட்டால் 0.616 வரும். இந்தச் சரிவை உணராமல், நல்ல கம்பெனி ஃபிளாப்பி வாங்கினால் போதும் என்று பலர் நினைத்தார்கள்.

சரிவைத் தடுக்க முதல் வழி துண்டுகளின் எண்ணிக்கையைக் குறைப்பது, அதாவது வெட்டுவதற்கு முன் சுருக்குவது. எந்தத் தரவு எவ்வளவு சுருங்கும் என்பது அதன் தன்மையைப் பொறுத்தது. நீலகிரியின் தேயிலைத் தொழிற்சாலைகள் சிறு விவசாயிகளிடமிருந்து பச்சைக் கொழுந்து வாங்குபவை. நாள்தோறும் யார் எத்தனை கிலோ கொழுந்து போட்டார், கழிவு எவ்வளவு, விலை என்ன என்ற கணக்கு அங்கே ஏறிக்கொண்டே இருக்கும். 400 பேர், மாதத்துக்கு 25 நாள், ஆண்டுக்கு 12 மாதம் என்றால் 1,20,000 பதிவுகள். டிபேஸ் அல்லது ஃபாக்ஸ்புரோ என்ற தரவுத்தள நிரலில் பதிவுக்கு 120 பைட் என்று வைத்தால் 1,44,00,000 பைட், அதாவது பத்து ஃபிளாப்பி. ஆனால் அந்த வகைக் கோப்பில் பெயருக்கு 30 எழுத்து இடம் ஒதுக்கினால் எட்டெழுத்துப் பெயருக்குப் பின் 22 வெற்றிடங்கள் அப்படியே எழுதப்படும். ஒரே பெயரும் ஒரே ஊரும் ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வரும். சுருக்கும் நிரலுக்கு இதைவிட நல்ல தீனி கிடைக்காது. ஆறில் ஒரு பங்காகச் சுருங்கினாலே பத்து ஃபிளாப்பி இரண்டாகிவிடும். ஸ்கேன் செய்த புகைப்படம் அப்படி இல்லை. பனி மூட்டமும் தேயிலை இலைகளும் நிறைந்த படத்தில் அடுத்தடுத்த புள்ளிகள் ஒத்திருப்பதுபோலத் தோன்றினாலும் எண்ணளவில் ஒன்றுக்கொன்று சற்றே மாறிக்கொண்டே இருக்கும். தரம் குறையாமல் சுருக்கும் முறைகளால் அதில் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. 1992-இல் தரநிலையாக ஏற்கப்பட்ட ஜேபெக் முறை படத்தை வெகுவாகச் சுருக்கியது என்றாலும், சில விவரங்களை நிரந்தரமாக இழந்தே அதைச் செய்தது. அச்சுக்குப் போகும் படத்தில் அந்த இழப்பை ஏற்கப் பலர் தயங்கினார்கள், அது நியாயமான தயக்கம்தான்.

பிரிக்கும் கருவிகளில் மிக எளியது யூனிக்ஸ் இயங்குதளத்தில் 1970-களிலேயே வந்துவிட்ட ஸ்ப்ளிட் கட்டளை. அது வெறுமனே நறுக்கும். துண்டுகளில் எந்த அடையாளமும் இருக்காது. எது முதல், எது கடைசி, மொத்தம் எத்தனை என்பதைக் கோப்பின் பெயர் மட்டுமே சொல்லும். அந்தப் பெயரை நாமே வைக்கும்போதுதான் வம்பு தொடங்கும். துண்டுகளுக்கு 1, 2, 3 என்று எண் போட்டு வைத்தால், பெயர்வரிசைப்படி அடுக்கும் கணினி 1-க்குப் பிறகு 10, 11, 12 என்று 18 வரை எடுத்து, அதன் பிறகே 2-ஐ எடுக்கும். அப்படி ஒட்டிய கோப்பு அளவில் ஒரு பைட்கூடப் பிசகாமல் சரியாக இருக்கும், உள்ளே எல்லாம் இடம் மாறியிருக்கும். 001, 002 என்று எழுதும் பழக்கம் இதனால்தான் நிலைத்தது.

அன்றைய கணினிகளின் இயங்குதளமான டாஸில் துண்டுகளை ஒட்டுவதற்குக் காப்பி கட்டளையில் கூட்டல் குறி போட்டாலே போதும் என்று பலருக்குத் தெரிந்திருந்தது. அதனுள் ஒளிந்திருந்த கண்ணி எல்லோருக்கும் தெரிந்திருக்கவில்லை. கோப்புகளைக் கூட்டும்போது காப்பி கட்டளை அவற்றை எழுத்துக் கோப்புகள் என்றே எடுத்துக்கொள்ளும். எழுத்துக் கோப்பின் முடிவைக் குறிக்க 26 என்ற மதிப்புள்ள பைட்டை வைப்பது டாஸ் அதற்கு முந்தைய சி.பி./எம். அமைப்பிலிருந்து பெற்ற வழக்கம். சுருக்கிய கோப்பிலோ 256 மதிப்புகளும் ஏறத்தாழச் சமமாக விரவிக் கிடக்கும். ஆகவே சில நூறு பைட்டுகளுக்குள்ளேயே ஒரு 26 எதிர்ப்பட்டுவிடும். கட்டளை அங்கேயே அந்தத் துண்டு முடிந்ததாக நினைத்து அடுத்த துண்டுக்குத் தாவும். 18 ஃபிளாப்பியை ஒட்டி முடித்தவருக்குச் சில ஆயிரம் பைட்டில் ஒரு கோப்பு கிடைக்கும். கட்டளையோடு சாய்கோடும் பி என்ற எழுத்தும் சேர்த்தால் இந்தக் கோளாறு வராது. இரண்டே எழுத்துகள்தான், அவற்றை அறியாதவர்கள் ஃபிளாப்பியின் மீதே பழியைப் போட்டார்கள்.

டாஸ் 2.0 முதல் இருந்த பேக்கப் கட்டளை இந்த அபாயங்களில் சிலவற்றைத் தவிர்த்தது. 3.3 பதிப்பிலிருந்து அது ஒவ்வொரு வட்டிலும் தரவுக்கு ஒரு கோப்பும், அதன் விவரத்துக்குக் கன்ட்ரோல் என்ற பெயரில் இன்னொரு கோப்பும் எழுதியது. வட்டின் வரிசை எண் இரண்டிலும் இருக்கும். வரிசை தவறிப் போட்டால் ரீஸ்டோர் கட்டளை எச்சரிக்கும். ஆனால் அது எதையும் சுருக்கவில்லை.

சுருக்குவதையும் பிரிப்பதையும் ஒரே வேலையாக்கியவை பிகேஜிப், ஏஆர்ஜே, ரார் ஆகிய மூன்றும். ஃபில் காட்ஸ் 1989-இல் வெளியிட்ட பிகேஜிப், 1993-இல் பரவிய 2.04 பதிப்பில்தான் பல வட்டுகளில் பரப்பும் வசதியைப் பெற்றது. ராபர்ட் ஜங் எழுதிய ஏஆர்ஜே அந்த வேலையில் முன்பே பெயர் வாங்கியிருந்தது. யூஜின் ரோஷல் உருவாக்கிய ரார் 1993-இல் வந்தது. மூன்றும் வெளிப்பார்வைக்கு ஒரே காரியத்தைச் செய்தாலும், ஒரு வட்டு கெட்டுவிட்டால் மூன்றும் மூன்று விதமாக நடந்துகொண்டன. இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

ஜிப் வடிவத்தில், உள்ளே என்னென்ன கோப்புகள் எங்கெங்கே இருக்கின்றன என்ற பட்டியல் எல்லாவற்றுக்கும் கடைசியில் எழுதப்படுகிறது. பொருளடக்கத்தைக் கடைசிப் பக்கத்தில் அச்சிட்ட புத்தகத்தைப்போல. அதனால்தான் பல வட்டு ஜிப்பைப் பிரிக்கத் தொடங்கியதும் நிரல் முதலில் கடைசி வட்டைக் கேட்கும், அதைப் படித்த பிறகே முதல் வட்டுக்குத் திரும்பும். அந்தக் கடைசி வட்டு கெட்டால் பட்டியலே போய்விடும். நல்லவேளையாக, ஒவ்வொரு கோப்பின் முன்னாலும் அதன் பெயரும் விவரமும் இன்னொரு முறை எழுதப்பட்டிருக்கும். அவற்றைத் தேடிப் பிடித்துப் பட்டியலை மீண்டும் கட்ட பிகேஜிப்ஃபிக்ஸ் என்ற துணை நிரல் இருந்தது. ஏஆர்ஜேயில் ஒவ்வொரு வட்டிலும் இருப்பது தன்னளவில் முழுமையான ஒரு சிறு தொகுப்பு. ஐந்தாவது வட்டு போனால் அந்த வட்டில் இருந்த கோப்புகளும், அதற்குள் தொடர்ந்த கோப்பும் போகும். மற்ற வட்டுகளில் முழுதாக அடங்கிய கோப்புகளைத் தனியே எடுத்துவிடலாம். ரார், எல்லாக் கோப்புகளையும் ஒரே தொடராகக் கருதிச் சுருக்கும் ஒரு வழியையும் தந்தது. அது இன்னும் அதிகமாகச் சுருக்கும். ஆனால் நடுவில் ஓரிடம் பழுதானால் அதற்குப் பின்னால் உள்ளவை பெரும்பாலும் கிடைக்காது. சுருக்கத்துக்கும் தப்பிப் பிழைப்பதற்கும் இடையில் ஒரு கொடுக்கல் வாங்கல் எப்போதும் உண்டு என்பதை இந்த மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தெளிவாகக் காணலாம்.

வட்டு ஏன் கெடுகிறது என்ற கேள்விக்கு மலையில் ஒரு தவறான விடை புழங்கியது: உயரம்தான் காரணம் என்பது. ஊட்டி கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2,240 மீட்டரில் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் தரவைப் படிக்கும் தலை காற்றுப்படலத்தின் மேல் மிதப்பதால் மெலிந்த காற்று அதைப் பாதிக்கக்கூடும் என்பது உண்மை; அதற்கும் வழக்கமாகச் சொல்லப்படும் வரம்பு சுமார் 3,000 மீட்டர். ஃபிளாப்பியின் தலையோ வட்டைத் தொட்டுக்கொண்டே படிக்கிறது. உயரத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

உண்மையான காரணங்கள் இரண்டு. ஒன்று ஈரம். கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழையும், குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழையும் வாரக்கணக்கில் அடைத்துக்கொண்டு பெய்யும்போது அலமாரியில் உள்ள துணியும் தோலும் பூசணம் பூப்பதுபோலவே ஃபிளாப்பியும் பூக்கும். உள்ளிருக்கும் வட்டு பாலியெஸ்டர் ஏடு. அதன்மேல் காந்தத் துகள்களைப் பிடித்துவைத்திருக்கும் பசைப்பூச்சும், உறைக்குள் ஒட்டியுள்ள மெல்லிய துணியும் ஈரம் பட்டால் பூசணத்துக்கு இடம் கொடுத்துவிடும். தலை தொட்டுக்கொண்டே ஓடுவதால் பூசணத்தை வழித்து வட்டின் மேலேயே இழுக்கும், பூச்சையும் சுரண்டும். அதைவிட மோசம், தலையில் ஒட்டிய அழுக்கு அடுத்துப் போடும் நல்ல ஃபிளாப்பியையும் கெடுக்கும். மார்கழி தை மாதங்களில் உறைபனி விழும் இரவு முழுவதும் குளிர்ந்து கிடந்த வட்டைக் காலையில் சூடான அறைக்குக் கொண்டுவந்த உடனே டிரைவில் போட்டால் மேற்பரப்பில் ஈரம் படியும்; சற்று நேரம் அறையில் வைத்துவிட்டுப் போடுவதே முறை.

இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது. மூன்றரை அங்குல வட்டில் அங்குலத்துக்கு 135 தடங்கள்; ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 0.19 மில்லிமீட்டருக்கும் குறைவு. டிரைவின் தலை காலப்போக்கில் சற்றே ஒருபக்கமாக விலகிவிட்டால், அது எழுதும் தடமும் அதே அளவு விலகும். அதே டிரைவ் திரும்பப் படிக்கும்போது விலகலும் விலகலும் பொருந்திப் போவதால் எல்லாம் சரியாகவே தெரியும். வேறொரு டிரைவில் போட்டவுடன் அபார்ட், ரீட்ரை, ஃபெயில் என்ற கேள்வி திரையில் வந்து நிற்கும். எழுதிய கணினியிலேயே சோதித்துவிட்டு, நன்றாகத்தானே இருந்தது என்று சாதித்தவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தச் சோதனைதான் போதவில்லை. பக்கத்துக் கடைக் கணினியில் 18-ஐயும் ஒருமுறை படித்துப் பார்த்தால் மட்டுமே அது சோதனை ஆகும். நேரம் பிடிக்கும் வேலை அது: வட்டு நிமிடத்துக்கு 300 முறை சுற்றுகிறது, பக்கத்துக்கு 80 வீதம் 160 தடங்களையும் தடத்துக்கு ஒரு சுற்று என்று படித்தாலே 32 நொடி ஆகும், தலை நகரும் நேரமும் சேர்ந்து நடைமுறையில் ஒரு நிமிடத்தை நெருங்கும். ஆனாலும் அந்த இருபது நிமிடம், மலை இறங்கி ஏறும் ஒரு நாளைவிடக் குறைவு.

நம்பகத்தைக் கூட்ட எல்லோரும் அறிந்த வழி இரண்டு செட் எடுத்துக்கொண்டு போவது. மேலே சொன்ன நூற்றில் இரண்டு என்ற அனுமானத்தையே கொண்டால், ஒரே துண்டின் இரண்டு நகல்களும் கெடும் வாய்ப்பு பத்தாயிரத்தில் நான்கு. 18 துண்டுகளும் கிடைக்கும் வாய்ப்பு 0.993-ஆக உயரும். விலை 36 ஃபிளாப்பி. இதைவிடச் சிக்கனமான வழி ஒன்று கணிதத்தில் இருந்தது, அது பரவலாகக் கைக்கு வரத் தாமதமானதுதான் வருத்தம். 18 துண்டுகளிலும் முதல் பிட்டை எடுத்துக்கொண்டு, அவற்றில் 1-களின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் 1, இரட்டைப்படை என்றால் 0 என்று 19-ஆவது வட்டின் முதல் பிட்டாக எழுத வேண்டும். இப்படியே எல்லாப் பிட்டுகளுக்கும். பிறகு 18-இல் எந்த ஒன்று தொலைந்தாலும், மீதி 17-ஐயும் 19-ஆவதையும் வைத்து அதே கணக்கைப் போட்டால் தொலைந்த துண்டு ஒரு பிட் பிசகாமல் திரும்பிவரும். ஒரே ஒரு ஃபிளாப்பி கூடுதல்; வெற்றி வாய்ப்பு 0.695-இலிருந்து 0.945-க்கு உயர்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட துண்டுகள் தொலைந்தாலும் மீட்கும் வழியை இர்விங் ரீடும் குஸ்தாவ் சாலமனும் 1960-லேயே கண்டிருந்தார்கள். ரார் நிரலில் மீட்புப் பதிவும், அதன் பிற்காலப் பதிப்புகளில் தனி மீட்புத் துண்டுகளும், இணையக் குழுக்களில் பெரிய கோப்புகளைப் பரிமாறியவர்களிடையே பார் என்ற வடிவமும் வந்து சேர்ந்தபோது ஃபிளாப்பியின் காலம் முடிந்துகொண்டிருந்தது.

மென்பொருள் விற்றவர்களும் இதே நெருக்கடியில்தான் இருந்தார்கள். மைக்ரோசாஃப்ட் 1995-இல் வெளியிட்ட விண்டோஸ் 95-இன் ஃபிளாப்பிப் பதிப்பு 13 வட்டுகளில் வந்தது. வட்டு எண்ணிக்கையைக் குறைக்க அந்நிறுவனம் தடத்துக்கு 18-க்குப் பதிலாக 21 செக்டர்களை நெருக்கி எழுதியது. அதனால் வட்டுக்கு 17,20,320 பைட் கிடைத்தது. நிறுவும்போது ஒரு வட்டு படிக்காவிட்டால் பாதியில் நிற்க வேண்டியதுதான். வழக்கமான நகலெடுக்கும் கட்டளைக்கும் அந்த வடிவம் பிடிபடாததால் முன்கூட்டியே நகல் எடுத்துவைப்பதும் எளிதாக இல்லை.

ஜிப் டிரைவ் (ஜிப் கோப்பு வடிவத்தோடு தொடர்பில்லாத, கூடுதல் கொள்ளளவுள்ள வட்டு), சி.டி., பிறகு பென் டிரைவ் என்று வந்த பின் 18 ஃபிளாப்பி சுமக்கும் தேவை போயிற்று. 1998-இல் ஆப்பிளின் ஐமேக் ஃபிளாப்பி டிரைவ் இல்லாமலே வெளிவந்தது. சோனி 2011-இல் ஃபிளாப்பி விற்பனையை நிறுத்தியது. பிரிக்கும் தேவை மட்டும் போகவில்லை. பென் டிரைவில் வழக்கமாக உள்ள ஃபேட்32 அமைப்பு 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரு தனிக் கோப்பை ஏற்காது. மின்னஞ்சலில் 25 மெகாபைட்டுக்கு மேல் இணைக்க முடியாத சேவைகள் உண்டு. 2001-இல் பிராம் கோஹன் உருவாக்கிய பிட்டாரென்ட் என்ற கோப்புப் பகிர்வு முறை, துண்டு ஒவ்வொன்றுக்கும் தனிச் சரிபார்ப்புக் குறியீடு வைத்து, கெட்ட துண்டை மட்டும் திரும்பக் கேட்டு வாங்குகிறது. ஃபிளாப்பிக் காலத்து ஜிப்பில் கோப்பு முழுவதற்கும் ஒரே சரிபார்ப்பு எண்தான். அது பொருந்தாவிட்டால் ஏதோ தவறு என்று தெரியுமே தவிர, எந்தத் துண்டில் என்பது தெரியாது.

தோட்ட அலுவலகத்திலோ அச்சகத்திலோ வீட்டுப் பரணிலோ இப்படி ஒரு செட் இன்னும் கிடக்குமானால், அதை மீட்பதற்குச் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. டிரைவில் போடும் முன் உலோக மூடியை விலக்கி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வெண்மையாகவோ சாம்பலாகவோ திட்டுத் தெரிந்தால் சுத்தம் செய்யாமல் போடவே கூடாது. மூலையில் உள்ள சிறு தாழ்ப்பாளை நகர்த்தித் துளை திறந்திருக்கும்படி வைத்தால் வட்டில் எதுவும் தவறுதலாக எழுதப்படாது. கோப்பைக் கோப்பாக நகலெடுப்பதைவிட, வட்டு முழுவதையும் செக்டர் செக்டராக ஒரு பிம்பக் கோப்பாக எடுப்பதே பாதுகாப்பு. ஜி.என்.யு. டிடிரெஸ்கியூ என்ற இலவச நிரல், படிக்க முடிந்த செக்டர்களை முதலில் எடுத்துவிட்டு, முடியாதவற்றைக் குறித்துவைத்துப் பிறகு திரும்பத் திரும்ப முயலும். அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டே வேறொரு டிரைவில் மீதியைத் தொடரலாம். வட்டுக்கு வட்டு நகலாக எடுத்த இரண்டு செட்டுகள் இருந்து, இரண்டும் வெவ்வேறு இடங்களில் கெட்டிருந்தால், இரண்டிலிருந்தும் சேர்த்து ஒரு முழு வட்டைக் கட்டிவிடவும் முடியும்.

பிகேஜிப் எழுதிய செட்டில் இன்னொரு பொறி இருக்கிறது. அதில் எல்லா வட்டிலும் கோப்பின் பெயர் ஒன்றேதான். எத்தனையாவது வட்டு என்பது வட்டுக்குள்ளேயே பதிவாகியிருக்கும் வட்டின் பெயரில் (வால்யூம் லேபிள்) மட்டும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் நகலெடுத்தால் ஒன்றன்மேல் ஒன்று எழுதப்பட்டுக் கடைசி வட்டு மட்டுமே மிஞ்சும். ஒவ்வொன்றையும் தனித்தனி ஃபோல்டரில் வைத்து, வட்டின் அந்தப் பெயரைப் பார்த்து, இசட்01, இசட்02 என்று பின்னொட்டு மாற்றி, கடைசியை மட்டும் ஜிப் என்றே விட்டால் இன்றைய நிரல்களில் பெரும்பாலும் திறக்கும்.

எவ்வளவு முயன்றும் ஒரு செக்டர் கிடைக்கவில்லை என்றால், எவ்வளவு இழப்பு என்பது அன்று பிரித்தவர் எடுத்த முடிவைப் பொறுத்தது. சுருக்கிய கோப்பில் அந்த இடத்துக்குப் பின் உள்ளவற்றை எடுப்பது மிகக் கடினம். சுருக்காமல் நறுக்கிய கொழுந்துக் கணக்கில், பதிவு ஒவ்வொன்றும் ஒரே நீளம் என்பதால், 512 பைட் போனால் ஐந்தாறு வரிகள் போகும். மற்ற ஒரு லட்சத்துச் சொச்சம் பதிவுகளையும், ஆண்டுக் கணக்கில் யார் எவ்வளவு கொழுந்து போட்டார் என்பதையும் இன்றும் வாசிக்கலாம்.